எபிசோட் 27: மூணு சதவீதம்னா ஃபெயிலா?

போன வாரம் மேலூர் நண்பன் ஒருத்தன் வாட்ஸப்ல ஒரு லேப் ரிப்போர்ட் அனுப்பினான். விந்துப் பரிசோதனை. அதுல ஒரு வரி மட்டும் தடித்த எழுத்துல: 'நார்மல் ஃபார்ம்ஸ் 3%'. கீழே ஒரே கேள்வி: "மாப்ள, மிச்சம் 97-ம் வேஸ்ட்டா?" கல்யாணமாகி ரெண்டு வருஷம். இதுவரை "விசேஷம் இல்லையா"ன்னு ஊரு அவன் மனைவியைத்தான் கேட்டுட்டு இருந்துச்சு.

இந்த எண் எப்படி வருது? விந்தை ஸ்லைடுல மெல்லிசா தேய்ச்சு, காயவெச்சு, சாயம் ஏத்துவாங்க. மைக்ரோஸ்கோப்ல ஆயிரம் மடங்கு பெரிசாக்கி, குறைஞ்சது 200 விந்தணுவை ஒவ்வொண்ணா பார்ப்பாங்க. தலை வழவழன்னு முட்டை வடிவத்துல இருக்கணும். முன்பக்கத் தொப்பி தலையில 40-லேர்ந்து 70 சதவீதத்தை மூடணும். வால் தலையைவிட சுமார் பத்து மடங்கு நீளம். கொஞ்சம் சந்தேகம்னாலும் 'அப்நார்மல்' கணக்குதான்.

விதி கடுமையாக ஆக, எல்லையும் இறங்குச்சு. உலக சுகாதார நிறுவனக் கையேட்டுல 1987-ல் 50%, 1992-ல் 30%, 2010-ல் 4%.

அந்த 4 எங்கிருந்து வந்தது? மனைவி ஒரு வருஷத்துக்குள்ள கர்ப்பமான ஆண்களை வரிசையா நிறுத்தினா, கடைசி 5 சதவீதம் பேர் நிக்கிற இடம் அது. அதாவது 4-க்குக் கீழே இருந்தவங்களும் அப்பா ஆனவங்கதான்! இது பாஸ் மார்க் இல்லை, வெறும் பெர்சன்டைல். 2010 கணக்குல சேர்ந்த 8 நாடுகள்ல இந்தியாவும் கிடையாது.

இன்னொண்ணு. 200-ல் 4% என்றால் வெறும் 8 விந்தணு. அதே ஸ்லைடுல வேற 200-ஐ எண்ணினா 5 வரலாம், 11-ம் வரலாம். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்கறது ரெண்டே விந்தணு.

அதுக்காக ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடச் சொல்லலை. எல்லாத் தலையும் உருண்டையா, தொப்பியே இல்லாம இருந்தா அது நிஜமான பிரச்சினை. எண்ணிக்கையும் ஓட்டமும் சேர்ந்து குறைஞ்சிருந்தாலும் கவனிக்கணும். ஒரு விந்தணு உருவாக சுமார் ரெண்டரை மாசம் ஆகும். நடுவுல வந்த கடுமையான காய்ச்சல்கூட ரிசல்ட்டை மாத்தும். அதனால ஒரே டெஸ்ட்டை வெச்சு முடிவு கட்டாம, திரும்ப எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.

நண்பன்கிட்ட இதைத்தான் சொன்னேன். "அப்ப டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போறோம்டா"ன்னான். அது போதும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.