நாயின் மூக்கும் குளவியின் கொடுக்கும்

நாய் உலகத்தை மூக்கால்தான் அறிந்துகொள்கிறது. புதிதாக எதைக் கண்டாலும் முதலில் முகர்ந்து பார்க்கும்; அது அசைந்தால் பாதத்தால் தட்டும்; பறந்தால் வாயால் கவ்வ முயலும். அது தேனீயாகவோ குளவியாகவோ இருந்துவிட்டால் நாய் கொட்டு வாங்குவது பெரும்பாலும் மூக்கிலோ பாதத்திலோ வாயிலோதான். உடலின் மற்றப் பகுதிகளை அடர்ந்த உரோமம் ஓரளவு காக்கிறது.

குளிர்நாடுகளில் இந்த ஆபத்து கோடைக்காலத்தோடு குறைந்துவிடும். மலேசியாவிலோ ஆண்டு முழுவதும் வெப்பம்தான். வெயில் கடுமையாகும்போது தேனீக்கள் தண்ணீரைத் தேடி அலைகின்றன. கொண்டுவந்த நீரைக் கூட்டினுள் துளித்துளியாகப் பரப்பி, இறக்கைகளால் விசிறிக் கூட்டைக் குளிரச் செய்கின்றன. வியப்பான ஏற்பாடுதான்! ஆனால், வாசலில் நாய்க்கு வைத்த தண்ணீர்க் கிண்ணத்திலும் அவை வந்து அமரும். தாகத்தோடு வரும் நாய் அதைக் கவனிக்குமா? ஆகவே, கிண்ணத்தை வீட்டினுள் வைப்பது நல்லது. மரத்தடியில் விழுந்து அழுகும் மாம்பழம், கொய்யா, மூடாத குப்பைத்தொட்டி ஆகியவையும் இப்பூச்சிகளை ஈர்க்கும்.

நம் குடியிருப்புப் பகுதிகளில் காணப்படும் ஒரு வகைக் குளவிக்குக் கறுத்த உடல். வயிற்றின் முன்பகுதியில் அகன்ற மஞ்சள் பட்டை இருக்கும். அது மரநாரை மென்று கூழாக்கி, காகிதம் போன்ற கூட்டைக் கட்டும். அக்கூடு உயர்ந்த மரத்தில் மட்டுமன்றி, கூரை விளிம்பிலும் தாழ்வான புதரிலும் இருக்கலாம். புதருக்குள் மூக்கை நுழைக்கும் நாய்க்கு இதுவே பேராபத்து. எனவே, உலாவச் செல்லும்போது கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டைக் கண்டால் கல்லெறிவதோ தீ வைப்பதோ கூடாது. 999 என்ற எண்ணில் அழைத்துத் தகவல் தெரிவித்தால், பயிற்சி பெற்றவர்கள் வந்து அகற்றுவார்கள்.

தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. ஆகவே, கொட்டியதும் கொடுக்கு நச்சுப்பையோடு தோலிலேயே தங்கி, தொடர்ந்து நஞ்சைச் செலுத்தும். அப்போது வெளிப்படும் மணம் மற்றத் தேனீக்களையும் தாக்க அழைக்கும். அது பழுத்த வாழைப்பழத்தின் மணத்தை ஒத்தது! குளவியின் கொடுக்கோ தோலில் சிக்குவதில்லை. ஒரே குளவி பலமுறை கொட்டும்.

நாயைப் பூச்சி கொட்டிவிட்டால் முதலில் அவ்விடத்தைவிட்டு அதை விரைந்து அப்புறப்படுத்துங்கள். தோலில் கொடுக்கு தெரிந்தால் நகத்தாலோ அட்டையாலோ உடனே சுரண்டி எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம். பிறகு, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் பத்து நிமிடம் ஒற்றடம் கொடுக்கலாம். மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமோல்கூட நாய்க்கு நஞ்சாகலாம்.

பாதத்தில் ஒரு கொட்டு என்றால், சற்று வீங்கி ஓரிரு நாளில் வற்றிவிடும். வாயினுள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தால் நிலைமை வேறு. வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். சில நாய்களுக்கு ஒரே கொட்டிலும் கடுமையான ஒவ்வாமை ஏற்படும். அடிக்கடி வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், மூச்சுத்திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பல கொட்டுகள் பட்ட நாய் நலமாகத் தோன்றினாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். நஞ்சு சிறுநீரகத்தைப் பாதிப்பது பின்னர்தான் தெரியவரும்.

மருத்துவரிடம் செல்லும் வழியில், வலியால் கடிக்குமோ என்று அஞ்சி, வீங்கிய வாயைக் கட்டிவிடாதீர்கள். அது மூச்சு விடுவதற்கும் அந்த வாய்தான் தேவை.