இளமையில் வரும் நடுக்குவாதம்

நடுக்குவாதம் என்றதும் கைத்தடியூன்றித் தள்ளாடும் முதியவர் ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுகிறார். 1817-ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து எழுதிய லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயராலேயே உலகம் இதனை இன்றும் வழங்கி வருகிறது. ஆனால் ஐம்பது வயதுக்கு முன்பே, சிலருக்கு முப்பதை ஒட்டியே, இது தலைகாட்டுவதும் உண்டு. அமெரிக்க நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் தமக்கு இந்நோய் இருப்பதை 1991-இல் அறிந்தபோது அவருக்கு வயது 29. அதை உலகறியச் சொல்ல அவருக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. புகழும் செல்வமும் உடையவரே அவ்வளவு தயங்கினாரென்றால், பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கும் நம்மவர் ஒருவர் தயங்குவதில் வியப்பென்ன?

இளவயதினரிடம் இந்நோய் நடுக்கத்துடனேயே தொடங்குமென்று சொல்வதற்கில்லை. தோள் இறுகும், நடக்கையில் ஒரு கை வீசாது, கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகும். இவற்றை எலும்புக் கோளாறென்று எண்ணிப் பல மாதங்களைக் கழித்தவர்கள் உண்டு. உடலில் செம்பு தங்குவதால் வரும் வில்சன் நோயும், தலைசுற்றலுக்காக நெடுநாள் உண்ணும் சின்னாரிசின் போன்ற மாத்திரைகளும் இதே அறிகுறிகளை உண்டாக்கக்கூடும். ஆகவே இளவயதினர் நரம்பியல் நிபுணரிடம் செல்லும்போது, அதுவரை உண்ட மருந்துகள் அனைத்தின் பெயரையும் எழுதி எடுத்துச் செல்லவேண்டும்.

மூளையில் டோபமைன் என்னும் பொருள் குறைவதே இந்நோயின் அடிப்படை. அதனை ஈடுசெய்யும் லெவோடோபா என்ற மருந்தை வாய்வழியே கொடுத்துப் பயன் காணலாமென்பதை 1967-இல் அமெரிக்காவில் டாக்டர் கோட்சியாஸ் காட்டினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1937-இல், சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் அதே பொருளை நம்மூர்ப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர். நமக்குப் பெருமைதரும் செய்திதான். அதற்காக நாட்டுமருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி மாத்திரையோடு சேர்த்து உண்பது தகாது. பொடியில் மருந்தின் அளவு ஒரேசீராக இராது. டாக்டர் போட்ட கணக்கு பிசகிவிடும்.

கணக்கு என்று சொன்னதற்குக் காரணமுண்டு. லெவோடோபாவின் பலன் சில மணி நேரமே நிற்கும். முதற்சில ஆண்டுகள் இது பெரிதாகத் தெரியாது. பின்னர், அடுத்த வேளை வருமுன்பே கைகால் இறுகத் தொடங்கும். மருந்து உச்சத்தில் இருக்கையில் உடல் தானாகவே நெளிந்து அசையும். இவ்வசைவு இளவயதில் நோய் கண்டவர்களிடம் மிகுதி.

இங்கேதான் நம் வீடுகளில் பெரும் குழப்பம் விளைகிறது. மருந்து தீர்ந்ததால் வரும் நடுக்கத்தையும், மருந்து மிகுந்ததால் வரும் நெளிவையும் நாம் “கை ஆடுகிறது” என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். முன்னதற்கு மருந்து போதவில்லை என்று பொருள். பின்னதற்கு மருந்து மிஞ்சிவிட்டது என்று பொருள். இச்சொல்லையே தட்டுத்தடுமாறி இந்தியில் சொன்னால், நெரிசல் மிக்க அன்சாரி நகர் அகில இந்திய மருத்துவக் கழகத்தில், சில நிமிடமே நம்மைக் காணக்கூடிய டாக்டர் எதை நினைப்பார்? அவர் பார்க்கும் வேளையில் மாத்திரை வேலைசெய்துகொண்டிருந்தால் நோயாளி நன்றாகவே இருப்பதாகத் தோன்றும்.

ஆதலின் ஒரு நோட்டுப்புத்தகம் வேண்டும். மாத்திரை உண்ட மணி, உணவு கொண்ட மணி, உடல் இளகிய மணி, இறுகிய மணி, நெளிவு கண்ட மணி இவற்றை, டாக்டரிடம் செல்லுமுன் மூன்று நான்கு நாட்களாவது குறித்து வைத்தால் போதும். பெண்களாயின் மாதவிலக்கு நாட்களையும் குறிக்கவேண்டும். அந்நாட்களை ஒட்டி மருந்தின் பலன் குறைவதாகப் பலர் சொல்கிறார்கள். ஆட்டம் மிகுந்த நேரத்தில் வீட்டார் கைத்தொலைபேசியில் பிடித்த ஒரு நிமிடப் படம், ஆயிரம் விளக்கங்களைவிட டாக்டருக்கு உதவும்.

புத்தகத்தில் எழுதக் கூசும் செய்தியும் ஒன்றுண்டு. பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகிய மாத்திரைகளை உண்போர் சிலரிடம் சூதாட்ட மோகம், அளவிலாத கொள்முதல், காமவேகம் போன்றவை புதிதாக முளைப்பதுண்டு. இது குணக்கேடன்று, மருந்தின் விளைவு. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார். வெட்கத்தால் மறைத்துச் சேமிப்பை இழப்பதும், பயந்து மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் இரண்டுமே ஆபத்து. இம்மருந்து தொடங்கும் அன்றே மனைவிக்கோ கணவனுக்கோ இதைத் தெரிவித்துவிடுவது நல்லது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பருப்பு, தயிர், பால் ஆகியவற்றிலுள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டியிட்டு அது மூளைக்குச் செல்வதைத் தடுக்கும். உணவுக்கு அரைமணி முன்னதாகத் தண்ணீருடன் மாத்திரையை விழுங்குவது பலருக்கு நன்மை தருகிறது. இரும்புச்சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்து உண்ணலாகாது. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு எழுதித்தரும் பிற டாக்டர்களிடம் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். அது நோயை மோசமாக்கும்.

அலுவலகத்தில் சொல்வதா, மறைப்பதா என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. எனினும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது என்பதும், பணியிலிருக்கையில் ஊனமுற்ற ஊழியரை அக்காரணம் பற்றி அரசு நிறுவனம் விலக்கவோ பதவியிறக்கவோ கூடாதென்று அச்சட்டம் சொல்வதும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அறிந்திருக்கவேண்டியவை.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். சென்னை சேர இரண்டு இரவுகள் ஆகின்றன. ரயில் தாமதமானால் இன்னும் சில வேளைகள் கூடும். ஊர்க் கடைக்காரர், “110 இல்லை, 125 இருக்கிறது” என்று கூறலாம். இரண்டிலும் லெவோடோபா 100 மில்லிகிராமே; துணைமருந்தாகிய கார்பிடோபா முன்னதில் 10, பின்னதில் 25. ஆனால் 275 என்பதில் லெவோடோபா 250. மெதுவாகக் கரையும் வகை இவற்றினின்றும் வேறு. அதைப் பொடித்து உண்ணக்கூடாது. அட்டையிலுள்ள எண்களைப் படித்துக் காட்டி, டில்லி டாக்டரிடம் தொலைபேசியில் கேட்ட பிறகே கடைக்காரரிடம் பணம் கொடுங்கள்.