உங்களுக்குத் தெரியுமா? கார் இல்லாமல் குற்றாலம்

கேட் இல்லை, டிக்கெட் கவுண்டர் இல்லை, குளிக்கக் காசு இல்லை. மோட்டாரும் பம்பும் இல்லாமல், மலைமேல் மழை பெய்தால் ஓடுகிற தண்ணீர்ப் பூங்கா எங்கள் அச்சன்புதூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜூன் பிறந்து மேற்கே மலை கறுத்துச் சாரல் முகத்தில் விழுந்ததுமே டீக்கடையில் கேள்வி எழும்: ‘குத்தாலத்துல தண்ணி எப்படி?’ அடுத்த கேள்வி, ‘எதுல போறது?’ இந்தத் துணுக்குகள் அந்த இரண்டாவது கேள்விக்காக.

முதலில் ஓர் ஒப்பீடு: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு சுமார் 100 சதுர கிலோமீட்டர். அதற்குள் சுற்ற கார் தேவையில்லை. 1971 முதல் மோனோரயில் ஓடுகிறது, 2019-இல் ரோப் காரும் வந்துவிட்டது, பஸ்ஸுக்கும் படகுக்கும் குறைவில்லை. ஓட்டல் வாசலில் ஏற்றிப் பூங்கா வாசலில் இறக்கிவிடுவார்கள். டோக்கியோ டிஸ்னியில் 2001 முதல் ஓடும் மோனோரயிலுக்கு ஜன்னலே மிக்கி எலியின் தலை வடிவம். ஆனால் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கியிருந்தாலும் அந்த ரயிலுக்குத் தனிக் கட்டணம். நம் குற்றாலத்தை இப்படி ஒருவர் கட்டி நிர்வகிக்கவில்லை. அதனால் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, சொந்தக் கால் மூன்றையும் நாமேதான் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

‘குற்றாலம்’ என்று டிக்கெட் எடுத்து இறங்கிவிட்டால் எல்லா அருவியும் கண்முன் நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பவை பேரருவியும் சிற்றருவியும்தான். ஐந்தருவி அங்கிருந்து சுமார் 5 கி.மீ. பழைய குற்றாலம் வேறு திசையில், ஆயிரப்பேரிப் பக்கம். குழந்தைகளுக்கு ஏற்ற சின்ன அருவியான புலியருவி தனி. எனவே கிளம்பும்போதே எந்த அருவி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தென்காசியில் ஏறும்போது கண்டக்டரிடம் ‘குத்தாலமா, பழைய குத்தாலமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். கேட்காமல் ஏறி, பேரருவிக்குப் போக வேண்டிய மாமியார் மருமகள் கூட்டம் பழைய குற்றாலத்தில் இறங்கி விழித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறங்கியது இறங்கியாச்சு என்று அங்கேயே குளித்துவிட்டு வந்தார்கள், அது வேறு கதை.

பேரருவி பாறையில் நேராக விழுவதில்லை. நடுவே ‘பொங்குமாங்கடல்’ என்ற பள்ளத்தில் விழுந்து பொங்கி, வேகம் தணிந்து, அதன் பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அடியில் நின்று குளிக்க முடியாது. தண்ணீர் கூடி, கீழே கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்ட ஆரம்பித்தால் விசில் சத்தம் கேட்கும்: குளிக்கத் தடை. காரில் வந்தவர் இந்நேரம் எங்கோ தள்ளி நிறுத்திய வண்டியைத் தேடிப் போக வேண்டும், எடுத்தாலும் முன்னும் பின்னும் நகராது. கையில் பையோடு நிற்பவர் வருகிற பஸ்ஸில் தொற்றி, திறந்திருக்கிற அருவிக்குப் போய்விடுவார். விசிலோடு மட்டும் வாதாட வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது.

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எங்கள் பக்கத்தில் இதன் பலனைப் பார்க்க வேண்டுமானால் சீசனில் ஒரு சனிக்கிழமை காலை தென்காசி வண்டியில் ஏறுங்கள். தூக்குவாளியில் புளிச்சோறு, வயர்கூடையில் மாற்றுத்துணி, மடியில் பேரன் என்று பாட்டிமார் பட்டாளம் உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துப் போனவர்கள், இப்போது ‘தண்ணி நல்லா விழுதாம்’ என்று காதில் விழுந்தாலே கிளம்பிவிடுகிறார்கள். எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறிவிட்டு இலவசம் கேட்டுச் சண்டை போடக் கூடாது, அவ்வளவுதான்.

குற்றாலத்துக்கென்று ரயில் நிலையம் கிடையாது. சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி ஜங்ஷன். அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். கொல்லம் பக்கமிருந்து மலையைக் குடைந்து வரும் பாதைக்கு வயது 120-ஐத் தாண்டிவிட்டது. அது 1904-இல் போட்ட மீட்டர்கேஜ். அகலப்பாதையாக்க 2010-இல் புனலூர்–செங்கோட்டைப் பகுதியை நிறுத்தினார்கள், 2018-இல்தான் முழுதாகத் திறந்தார்கள். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின்மேல் ரயில் போகும்போது எந்தப் பக்க ஜன்னல் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். பாரீஸ் டிஸ்னிலாண்டின் வாசலுக்கே 1994 முதல் அதிவேக ரயில் போகிறதாம். போகட்டும், அங்கே வழியில் இந்த மலை இருக்காது.

செங்கோட்டைக்கு அருகே பிரானூரில் ‘பார்டர்’ என்று இறங்குவார்கள். எந்த பார்டர் என்று சுற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, பரோட்டாக் கடைகள்தான் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை வட்டாரம் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது, எல்லை அங்கேதான். எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் மலைக்குப் போய் எழுபது வருஷம் ஆகப்போகிறது. பெயரைப் பரோட்டா காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. குளித்த பசியோடு செங்கோட்டை வழியாக ஊர் திரும்புகிறவர்களுக்கு இந்த நிறுத்தம் ஒரு சோதனை.

சொந்தக் காலை மட்டுமே நம்பிப் போகிற அருவி செண்பகாதேவி. பேரருவிக்கு மேலே காட்டுக்குள் ஏறுகிற பாதை, எந்தச் சக்கரமும் போகாது. சாதாரண நாட்களில் வனத்துறை விடுவதில்லை. சித்ரா பௌர்ணமிக்கு அம்மன் கோயில் திருவிழாவையொட்டி ஜனம் ஏறும். அதற்கும் மேலே தேனருவி. அதைப் பற்றிக் கேட்டுக்கொள்வதோடு சரி.

நடக்கிறவருக்கு மட்டும் கிடைக்கிற இன்னொன்று சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே இறைவன் சுவரில் தீட்டிய ஓவியமாக இருக்கிறார். குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம்தான், தெப்பக்குளத்தோடு அமைதியாகக் கிடக்கும். அருவிக் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் கணக்கு.

குற்றாலத்தில் நெரிசல் தாங்கவில்லையா? எங்கள் ஊரிலிருந்து மேற்கே திரும்பினால் பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயில். கார் மேலேவரை போகும். ஆனால் 500-க்கு மேற்பட்ட படி ஏறி, மேலே காற்றில் சட்டை காய்வதில்தான் ருசி. இன்னும் உள்ளே மேக்கரையில், அனுமன் நதிக்குக் குறுக்கே 132 அடி அடவிநயினார் அணை. இந்தப் பக்கம் பஸ் குறைவு. போகும்போதே திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளாதவர், வழியில் வருகிற டிராக்டருக்குக் கை காட்ட வேண்டியதுதான்.

கடைசியாக, ஈரத்தோடு பஸ் ஏறும் கலை. ஐந்தருவியிலிருந்து திரும்பும் மாலை வண்டியில் ஜன்னல் கம்பி தெரியாது, எல்லாக் கம்பியிலும் துண்டு தொங்கும். உள்ளே தேங்காயெண்ணெய் வாசம், தரையெல்லாம் தண்ணீர், யாரோ உரிக்கிற மங்குஸ்தான் தோல். உட்கார்ந்திருப்பவர் மடியில் உங்கள் தலைமுடி சொட்டினால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவரும் சொட்டிக்கொண்டுதான் இருப்பார். பஸ் காசைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் முடிந்து வையுங்கள். நனைந்த பத்து ரூபாய்த் தாளைக் கண்டக்டர் வாங்கிக்கொள்வார். வாங்கி, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, பஸ் முழுவதற்கும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் பையில் போடுவார்.