டாக்டர் படிப்பிற்கு முந்திய படிப்பு: பெற்றோர் கவனத்திற்கு

நெசவாளர், விவசாயிகள் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் வைத்தியம் பயில விரும்புவது மகிழ்ச்சிக்குரியது. உள்நாட்டில் இடம் கிடைக்காதபோது அயல்நாட்டுச் சர்வகலாசாலைகளைக் குறித்த விளம்பரங்கள் வீடு தேடி வருகின்றன. அவற்றில் 'பிரீ மெடிக்கல்' என்ற சொல்லை அடிக்கடி காண்கிறோம். நிலத்தை ஈடு வைத்துப் பணம் கட்டுமுன் அதன் பொருளை அறிந்துகொள்வது அவசியமாகும்.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்வதற்கு முன் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. முன்னாளில் கல்லூரியில் புகுமுக வகுப்பு இருந்தது; தமிழ்நாட்டில் 1978 முதல் அதனிடத்தை மேல்நிலைப் பள்ளி வகுப்புகள் பெற்றன. அமெரிக்காவிலோ மாணவர் முதலில் நான்கு ஆண்டு பட்டப் படிப்பை முடித்து, உயிரியல், இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றில் தேறிய பின்னரே வழக்கமாக மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார். 'பிரீ மெடிக்கல்' என்பது அங்கே ஆயத்தப் படிப்பைக் குறிக்கும் பெயர். மருத்துவ இடத்திற்கு அது உறுதிச்சீட்டு ஆகாது.

நம்மவர் பிள்ளைகள் பலர் சென்ற பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இம்முறையே உள்ளது. அந்நாட்டின் 1959-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி, எம்.டி. வகுப்பில் சேரப் பட்டம் வேண்டும். ஆதலால் நம் மாணவர்கள் முதலில் பி.எஸ். வகுப்பில் சேர்க்கப்பட்டு, 'என்மாட்' என்னும் தேர்வும் எழுதிய பின், வழக்கமாக நான்கு ஆண்டுகளைக் கொண்ட எம்.டி. படிப்பிற்குச் சென்றனர்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. தேசிய மருத்துவ ஆணையம் 18-11-2021 அன்று வெளியிட்ட விதிகளின்படி, அயல்நாட்டு மருத்துவப் படிப்பு ஒரே நிறுவனத்தில் குறைந்தது 54 மாதம் நடைபெற வேண்டும். அதன்மேல் 12 மாதப் பயிற்சியும் அங்கேயே முடிக்க வேண்டும். நம் எம்.பி.பி.எஸ். வகுப்பின் நான்கரை ஆண்டும் இதே 54 மாதமே. நான்கு ஆண்டு எம்.டி. 48 மாதமே ஆகும். முந்திய பி.எஸ். படிப்பை அதனுடன் கூட்டிக் கணக்கிட ஆணையம் ஒப்பவில்லை. ஆறு மாதக் குறை, ஆறாண்டு உழைப்பையும் செலவையும் வீணாக்கிவிடக் கூடும்.

ஆகவே பணம் கட்டுமுன் கீழ்க்கண்டவற்றைச் சர்வகலாசாலையிடமிருந்தே எழுத்து மூலம் பெறுதல் நலம். தரகரின் வாய்மொழி போதாது.

1. இப்போது கிடைக்கும் அனுமதி ஆயத்தப் படிப்பிற்கா, மருத்துவப் படிப்பிற்கா?

2. மருத்துவப் படிப்பு மட்டும் எத்தனை மாதம்? அது முழுதும் ஒரே நிறுவனத்தில் நடைபெறுமா?

3. ஆங்கிலத்தில் போதிக்கப்படுகிறதா?

4. பயிற்சி 12 மாதம் அங்கேயே அளிக்கப்படுமா?

5. படித்து முடித்தவர், அந்நாட்டுக் குடிமக்களுக்குச் சமமாக அங்கே தொழில் செய்ய உரிமம் பெற இயலுமா?

இவற்றுள் ஒன்றிற்கேனும் சரியான விடை கிடைக்காவிடில் அவ்விடத்தை விட்டுவிடுதலே விவேகம். மேலும், அயல்நாட்டில் படிக்கவும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். திரும்பிய பின் தகுதித் தேர்வொன்றில் 300-க்கு 150 மதிப்பெண்ணாவது பெற வேண்டும். பிறகு இங்கும் ஓராண்டு பயிற்சி உண்டு. கடனுக்கான வட்டியோ இக்காலமெல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும். கடன் தொகையை நிர்ணயிக்கும்போது இவ்வாண்டுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

உள்நாட்டு வாய்ப்பொன்றையும் நினைவூட்ட விரும்புகிறோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றோருக்கு, 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் நூற்றுக்கு ஏழரை வீதம் ஒதுக்கப்படுகிறது. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வுரிமை போய்விடும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற எண்ணும் அங்கத்தினர்கள் இதனை முன்னதாகவே யோசித்து முடிவு செய்வார்களாக.