உறைக்குள்ளே ஒளிந்திருக்கும் வெடிப்பு! பழைய அம்பாசடர்காரர்களே, உஷார்!

தளி:

ஆயுத பூஜை வந்தால் ஸ்டியரிங்குக்கு சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. பொட்டு வைத்த கை அதே ஸ்டியரிங்கை ஒரு தடவை சுற்றித் தடவிப் பார்த்திருக்குமா?

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் இன்னமும் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் உடனே தடவிப் பார்ப்பது நல்லது. மேற்கு வங்காளம் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 2014 மே மாதத்தோடு அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பழைய சாமான் கடையில் தேடணும், இல்லாவிட்டால் இருப்பதைச் சரி செய்யணும்.

வெடிப்பது ஏன்?

உள்ளே இரும்பு வளையம். மேலே கெட்டி பிளாஸ்டிக். சூட்டில் இரண்டும் ஒரே அளவாக விரியாது. "குட்டி இங்கிலாந்து" என்று பேர் வாங்கிய தளியில் ராத்திரி குளிர். பகலில் கண்ணாடி வழியாக வெயில். பிளாஸ்டிக் எத்தனை வருஷம்தான் தாங்கும்? குறுக்குக் கம்பி சேரும் இடத்தில் வாய் பிளக்கிறது. கை வியர்வை உள்ளே இறங்கி இரும்பு துருப்பிடிக்கிறது.

நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பளபளவென்று ஒரு உறையை மாட்டி மறைத்து விடுகிறார்கள். உறை தளர்ந்தால் திருப்பத்தில் உறைதான் கையோடு சுற்றும், ஸ்டியரிங் சுற்றாது!

வைத்தியம் என்ன?

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றணும். ஹாரன் பட்டனை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்குக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக் கொள்ளணும். நட்டை முழுசாக எடுக்காமல் இரண்டு மரை விட்டு வைத்து, புல்லர் போட்டு இழுத்தால் ஸ்டியரிங் மூஞ்சியில் வந்து அடிக்காது. சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

வெடிப்பை அப்படியே மூடினால் மறுபடி பிளக்கும். ஆக்சா பிளேடால் இரும்பு தெரியும்வரை அகலமாகக் கீறி, துருவைச் சுரண்டி, சோப்பு போட்டுக் கழுவி நன்றாகக் காய வைக்கணும். இரண்டு பசையைப் பிசைந்து போடும் எம்-சீல் மாதிரி மருந்தைக் கொஞ்சம் மேடாகவே அமுக்கி, ஒரு ராத்திரி விடணும். பிறகு உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட். பெயிண்ட் நன்றாக இறுகாமல் வண்டியை எடுத்தால் கை ஒட்டும்.

எப்போது கூடாது?

இரும்பு வளையமே விரிந்திருந்தால், கம்பி ஆடினால், நடுவில் பல் தேய்ந்திருந்தால் பட்டி பார்ப்பது தற்கொலைக்குச் சமம். வெல்டிங்கும் வேண்டாம். வேறு ஸ்டியரிங்தான் போடணும். ஏர்பேக் உள்ள புதுக் கார்காரர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது. பையை விரிக்கிற வெடிமருந்து நடுவில் இருக்கிறது.

15 வருஷம் தாண்டிய சொந்தக் காரை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். அங்கே போகும் முன் கோட்டோடு கோடு சேர்த்து மாட்டி, நட்டை இறுக்கி, இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹாரனையும் ஒருமுறை அடித்துவிடுங்கள்.