ஒரே மாடி, இரண்டு வாடகை

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், வாடகை மிகுந்த கிரீன்விச் வில்லேஜின் மின்தூக்கி இல்லாத பழைய கட்டடங்களில், படுக்கையும் இருக்கையும் சமையலும் ஒரே கூடத்தில் அடங்க, குளியலறை மட்டும் தனியே தடுக்கப்பட்ட 'ஸ்டூடியோ' வீடுகள் பல உண்டு. பரப்பிலும் வெளிச்சத்திலும் ஒத்த இரு ஸ்டூடியோக்கள் ஒரே மாடியில் எதிரெதிரே இருந்தும் அவற்றின் வாடகை பெரிதும் வேறுபடக்கூடும். அவை கடந்துவந்த சட்ட வரலாறே அதற்குக் காரணம்.

1974-க்கு முன் கட்டப்பட்டு, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட கட்டடங்கள் பொதுவாக 'வாடகை நிலைப்படுத்தல்' என்னும் முறைக்குள் வருகின்றன. மேயர் நியமிக்கும் ஒன்பது உறுப்பினர் வாரியம் ஒப்பந்தப் புதுப்பிப்பின்போது வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்று ஆண்டுதோறும் வரையறுக்கிறது. புதுப்பித்துக்கொள்ளும் உரிமையும் குடித்தனக்காரருக்கு உண்டு. நகரில் ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகள் இவ்வகையின. ஆனால் 1990-களில் நுழைந்த ஒரு விலக்கின்படி, ஒருவர் காலி செய்யும்போது சட்டப்படியான வாடகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அவ்வீடு அம்முறையிலிருந்தே வெளியேறியது. புதுப்பிப்புச் செலவின் ஒரு பங்கை வாடகையில் ஏற்றலாம் என்பதால், பழைய குடித்தனக்காரர் போனதும் சமையலறையை மாற்றி வரம்பை எட்டுவது உரிமையாளர்களுக்கு ஆதாயமாயிற்று. 2019-இல் மாநிலச் சட்டம் இந்த வழியை அடைத்தது. எனினும் முறைப்படி வெளியேறிய வீடுகளை அது திரும்பச் சேர்க்கவில்லை. எதிரெதிர் வாடகைகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

சந்தை வாடகை வீட்டைத் தேடுபவர் முதலில் சந்திப்பது வருமான நிபந்தனையை. ஆண்டு வருமானம் மாத வாடகையைப்போல் நாற்பது மடங்கு இருக்க வேண்டும் என்பது உரிமையாளர்களின் வழக்கமான எதிர்பார்ப்பு; வாடகை 3,500 டாலர் என்றால் வருமானம் 1,40,000 டாலர். அது இல்லாதவரின் பிணையாளரிடம் பெரும்பாலும் எண்பது மடங்கு கேட்கப்படுகிறது. சட்டம் விதிக்காத இந்நிபந்தனை இத்தனை உறுதியாக நிற்பதற்கு, 2023-இல் வாடகை வீடுகளில் 1.41 விழுக்காடே காலியாக இருந்த நிலைமை போதிய விளக்கம்.

நுழைவுச் செலவில் 2019-இன் சட்டம் முன்பணத்தை ஒரு மாத வாடகைக்குள்ளும், விண்ணப்பப் பின்னணிச் சோதனைக் கட்டணத்தை 20 டாலருக்குள்ளும் கட்டுப்படுத்தியது. தரகு, அதாவது பல வேளைகளில் ஆண்டு வாடகையில் 15 விழுக்காடு வரை எட்டிய தொகை, உரிமையாளர் அமர்த்திய தரகருக்கும் குடித்தனக்காரர் கையிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அமர்த்தியவரே தர வேண்டும் என்ற நகரச் சட்டம் 2025 ஜூன் 11-இல் நடைமுறைக்கு வந்தது. அச்செலவு வாடகையில் ஏறும் என்ற வாதம் அப்போதே எழுந்தது, அது புறக்கணிக்கத்தக்கதன்று.

விளம்பரங்களில் வரும் 'நிகர வாடகை' தனிக் கவனத்துக்குரியது. 3,500 டாலர் வீட்டில் ஓராண்டுக்கு ஒரு மாதம் இலவசமெனில், பதினொரு மாதத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து ஏறத்தாழ 3,208 டாலர் என்று காட்டுவர். சந்தை வாடகை வீட்டில் அடுத்த ஆண்டு பேரம் பெரும்பாலும் 3,500-இலிருந்தே தொடங்கும்.

ஒரு வீடு நிலைப்படுத்தலுக்குள் உள்ளதா என்பதை மாநில வீட்டுவசதித் துறையின் வாடகைப் பதிவேடு காட்டும். கூடுதலாக வாங்கியது தெரியவந்தால் ஆறு ஆண்டுகள் வரையிலான தொகைக்கு முறையிடலாம். பேரத்துக்கு முன்னரே தேவைப்படும் இப்பதிவேட்டை அத்துறை அவ்வீட்டில் குடியிருப்பவருக்கே தருகிறது என்பதால், வீடு தேடுபவர் கையெழுத்திட்ட பிறகே அதைப் பார்க்க முடிகிறது.