நிறத்தின் நியாயம் – 12: இளம்பவழத்துக்குத் துணை தேடும்போது

பீச், சால்மன், கோரல் என்று துணிக்கடையிலும் பெயின்ட் கடையிலும் பல பெயர்களில் கிடைக்கும் நிறம் ஒன்று உண்டு. வெள்ளை கலந்து வெளிறிய, ஆனாலும் சூடு குறையாத சிவப்பு. பான்டோன் நிறுவனம் இந்தக் குடும்பத்திலிருந்து 2019-ல் 'லிவிங் கோரல்', 2024-ல் 'பீச் ஃபஸ்' என்று இரண்டு முறை ஆண்டின் நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இதற்கு ஜோடி எது என்று கேட்டால், நிறச் சக்கரத்தில் நேர் எதிரே இருக்கும் நீலப்பச்சையைக் காட்டுவார்கள். இந்த அறிவுரை பாதிதான் சரி. இளம்பவழத்தை நடுவில் வைத்து ஒரு நிறத்தொகுப்பை அமைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது துணைநிறம் எவ்வளவு வெளிச்சமானது, எவ்வளவு இருண்டது என்பதைத்தான். அது என்ன நிறம் என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

கணினித் திரையில் இதை அளந்தே பார்க்கலாம். இணைய வடிவமைப்பில் 'சால்மன்' என்று குறிக்கப்படும் நிறத்தில் சிவப்பு 250, பச்சை 128, நீலம் 114. இதன் மேல் வெள்ளை எழுத்தை வைத்தால் வெளிச்ச வேறுபாட்டு விகிதம் வெறும் 2.5. சாதாரண எழுத்தைச் சிரமமின்றிப் படிக்க 4.5 தேவை என்கிறது இணைய அணுகல் தரநிலை; பெரிய எழுத்துக்குக்கூட 3 வேண்டும். பவழப் பொத்தானில் வெள்ளை எழுத்து என்பது இன்று எத்தனையோ செயலிகளில் பழகிப்போன காட்சி. கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்வை மங்கிய ஒருவருக்கு அங்கே எழுத்தே இல்லை. அதே நிறத்தின் மேல் கறுப்பு எழுத்து 8.4 வரை போகிறது. சக்கரம் பரிந்துரைக்கும் டர்க்காய்ஸை வைத்தால் சுமார் 1.5-தான் கிடைக்கிறது. இரண்டும் நிறத்தில் எதிரும் புதிரும், வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒரே படி. அதனால்தான் இவை சந்திக்கும் விளிம்பு கண்ணை உறுத்துகிறது. டர்க்காய்ஸை விட்டுவிட்டுக் கருநீலத்துக்குப் போனால் விகிதம் 6.4-க்குத் தாவுகிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அவர்களில் பலருக்கு இளம்பவழமும் இளம்பச்சையும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள். அவர்களுக்கு உதவுவது வெளிச்ச வேறுபாடு ஒன்றுதான்.

நெசவும் இதையே சொல்கிறது. பாரிஸ் கோபெலான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-ல் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரோல், அங்கே கறுப்புச் சாயம் சோபையாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் வலுவைக் குறைத்தன என்று கண்டார். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்ற அவருடைய விதி 1839-ல் நூலாக வந்தது. காஞ்சிபுரம் கோர்வைப் பட்டில் இதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சாதாரண நெசவில் உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடும். பீச் உடலுக்குப் பாட்டில் பச்சைக் கரை வைத்தால், அந்த ஊடை பச்சையைச் சாம்பலாக்கி வெளிறச் செய்துவிடும். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஆளுக்கொரு நாடா. உடலின் ஊடை கரையின் எல்லையில் கோத்துத் திரும்பிவிடும். கரை தன் கருமையை முழுதாக வைத்துக்கொள்கிறது. இளம்பவழ உடலில் சரிகைப் பூ கரைந்துபோவதும், அதே சரிகை அரக்குக் கரையில் பளிச்சென்று நிற்பதும் இதனால்தான். பொன்னும் பவழமும் வெளிச்சத்தில் நெருங்கிய உறவு, அவற்றைப் பிரித்துக்காட்ட இருண்ட கரை வேண்டும்.

மென்மைக்காகத்தானே இந்த நிறத்தையே தேடுகிறோம், இருட்டைக் கொண்டுவந்து அதைக் கெடுப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பீச், சந்தனம், கிரீம் என்று எல்லாமே வெளிறிய நிறங்களாக அமைந்த படுக்கையறை அமைதியாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அங்கே யாரும் எதையும் வாசிக்கப் போவதில்லை. ஆனால் அந்த அறையிலும் ஒரு தேக்கு நாற்காலியோ கறுப்புச் சட்டம் போட்ட படமோ இல்லாவிட்டால் கண்ணுக்கு ஊன்றி நிற்க இடம் இருக்காது, பீச்சே அழுக்கு வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். மென்மையைக் காப்பாற்றவும் கொஞ்சம் இருட்டு வேண்டும். எவ்வளவு என்பதுதான் ரசனை. என் கணிப்பில் பத்தில் ஒரு பங்கே தாராளம்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. திரையில் எடுத்த அளவு மாறும் வெளிச்சத்தில் நிற்குமா? மஞ்சள் சாயும் 2700 கெல்வின் விளக்கில் பீச் மஞ்சளை நோக்கி நகரும், வெள்ளை டியூப் வெளிச்சத்தில் சூடு வடிந்துவிடும். அதற்காகத்தான் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறார்கள். எந்த விளக்கானாலும் பவழத்துக்கும் கரும்பச்சைக்கும் உள்ள வெளிச்ச இடைவெளி பெரிதாகச் சுருங்காது. ஆனால் அந்தி வேறு கதை. வெளிச்சம் மிகக் குறையும்போது கண்ணில் சிவப்பு முந்தி இருண்டுவிடுகிறது, நீலமும் பச்சையும் பிந்தித்தான் மங்குகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்ன செக் அறிஞர் புர்க்கின்யேயின் பெயரிலேயே இந்த விளைவு அறியப்படுகிறது. அப்போது பவழம் இறங்கிக் கருநீலத்தை நெருங்கும், 6.4 என்ற இடைவெளி அப்படியே நிற்காது. இந்த இடத்தில் என் விதிக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. திறந்தவெளியில் மங்கலான விளக்குகளின் கீழ் நடக்கும் மாலை விழாவுக்கு இளம்பவழத்தோடு கருநீலம் வேண்டாம், அரக்கு வைக்கலாம். திரையில் மெரூன் என்று குறிக்கப்படும் அரக்கின் விகிதம் 4.4-தான், பகலில் கருநீலத்துக்குப் பின்தங்கியது. ஆனால் அதுவும் சிவப்பின் சாதி. இருட்ட இருட்ட இரண்டும் சேர்ந்தே இறங்கும், நடுவிலுள்ள தூரம் குலையாது.